வராதவர்களின் பெயர்களும் வாசிக்கப்பட்டன

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மணி அவர்களுக்கு,

தாங்கள் யாரென்று நான் அறியேன். இந்தத் தாள்களை மூன்று அட்டைப் பெட்டிகளுள் முதலாவதில், மூடிக்கு அடியில் வைக்கிறேன். அவை செருப்புக் கடையில் கொடுக்கும் சாதாரணப் பெட்டிகள்தாம். உள்ளே அடுக்கியிருப்பவை உள்ளங்கை அகல வெள்ளை அட்டைகள். ஒவ்வொன்றிலும் மேலே ஆங்கிலத்தில் ஒரு பெயர், கீழே அதே பெயர் பென்சிலால் தமிழ் எழுத்தில். தமிழ் அறிந்தவரே எடுத்துப் பார்த்தாலும் முதலில் திகைப்பார். எழுத்து தமிழ், பெயர்களோ போலந்து, ஹெய்ட்டி, வியட்நாம், எகிப்து, குஜராத் என்று எங்கெங்கிருந்தோ வந்தவை. போதாததற்கு எழுத்துகளுக்கு மேலும் கீழும் கோடுகளும் பிறைகளும் இருக்கும். பெட்டிகள் இருக்கும் எங்கள் மாவட்டக் கல்லூரி நூலகத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்தவர் இவற்றை ஏதோ குழந்தையின் கிறுக்கல் என்று எண்ணிக் குப்பையில் சேர்க்கப் பார்த்தார். அதனால் இதை எழுதலானேன்.

அட்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அவற்றை எழுதிய அம்மையாரைப் பற்றிச் சொல்லாமல் முடியாது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். திருச்செங்கோட்டில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்று, நியூ ஜெர்சியில் பிளெய்ன்ஸ்பரோவில் வேலையிலிருந்த மகனிடம் வந்து சேர்ந்தேன். பகல் முழுவதும் அபார்ட்மென்ட் சன்னலில் நின்று கார்களைப் பார்த்துக்கொண்டிருக்க மனம் ஒப்பவில்லை. தொண்ணூற்று நான்காம் ஆண்டு, கல்லூரியின் கட்டடப் பராமரிப்புப் பிரிவில் நாற்காலி போடும் வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் மருமகள் காரில் இறக்கிவிடுவாள். கூட்டம் எங்கே நடந்தாலும் அதற்கு முன் நாற்காலி போடுவதும், நடந்த பின் மடக்கி அடுக்குவதும் என் பணி.

அது இரண்டாண்டுக் கல்லூரி. பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போக வழியில்லாதவர்களும், போக வேண்டிய வயதில் போகாமல் விட்டவர்களும் வந்து படிக்கும் இடம். பகலில் மருத்துவமனையில் படுக்கை மாற்றிவிட்டு மாலையில் வந்து படிக்கும் பெண்கள் உண்டு. கார் பழுதுபார்ப்பவர்கள் உண்டு. மகளும் தாயும் ஒரே வகுப்பில் அமர்ந்து படித்ததையும் கண்டிருக்கிறேன். ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில், புல்வெளியில் பெரிய வெள்ளைக் கூடாரம் போட்டுப் பட்டமளிப்பு விழா நடத்துவார்கள்.

நான் சேர்ந்த முதல் ஆண்டு, விழாவுக்கு முந்தைய நாள். ஒத்திகை முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். கூடாரத்தில் நான் மட்டும் வரிசைகளுக்குக் கயிறு பிடித்து நேர் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடையில் ஒரு பெண்மணி ஏறினார். ஐம்பது வயதை நெருங்கியவர். பருத்திப் புடவை, அதற்குக் கீழே வெள்ளை நிற ஓட்டக் காலணிகள். ஒலிபெருக்கியைத் தொடவில்லை. கையில் ஒரு கட்டு அட்டை. அதைப் பார்த்து ஒரு பெயரைக் கூப்பிட்டார். பிறகு, யாரோ மேடையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்து போவதைப் பார்ப்பவர்போல அவர் பார்வை மெல்ல நகர்ந்தது. அடுத்த பெயர். மீண்டும் அதே பார்வை. மேடையிலோ ஈ, காக்கை இல்லை.

"யாருகிட்டப் பேசுதுங்க இந்தம்மா?" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"வராதவங்ககிட்டங்க ஐயா" என்று மேடையிலிருந்து பதில் வந்தது.

அந்த ஊரில், அந்தப் புல்வெளியில், தமிழில் ஒரு பதில் வரும் என்று நான் எப்படி எதிர்பார்ப்பேன்? கையிலிருந்த கயிறு நழுவிவிட்டது.

"நாளைக்கு வர முடியாதவங்க கொஞ்ச பேர் இருக்காங்க. ஷிஃப்ட்ல லீவ் கிடைக்காதவங்க, பிரசவத்துக்குப் போனவங்க. வந்தாத்தான் ஸ்டேஜ்ல பேரு படிப்பாங்க. இவங்களுக்கு சர்டிஃபிகேட் போஸ்ட்ல போயிடும். அதனால முந்தின நாள் நான் படிச்சிடுவேன். ஒரு உதவி பண்றீங்களா? கடைசி வரிசையில போய் உக்காருங்க. கேக்க ஒரு ஆளாவது வேணும்."

நான் போய் உட்கார்ந்தேன். ஒவ்வொரு பெயருக்கும் "கேக்குதா?" என்று கேட்பார். நான் கை தூக்குவேன். முப்பதுக்கு மேற்பட்ட பெயர்கள். ஒருவரும் அங்கில்லை. ஆயினும் அந்தக் குரலில் எள்ளளவும் அலட்சியம் இல்லை. ஊரில் எத்தனையோ பெரியவர்களின் மேடைப் பேச்சைக் கேட்டிருக்கிறேன். என் உடம்பு சிலிர்த்தது அன்றுதான்.

அவர் பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தர். பட்டம் பெறுவோர் பட்டியல் தயாரிப்பது அவர் வேலை. பட்டியலோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ ஏப்ரல் பிறந்தால் மதிய உணவு வேளையில் தொலைபேசியைக் கையில் எடுத்துவிடுவார். ஒவ்வொருவரையும் அழைத்து ஒரே வாக்கியத்தைச் சொல்வார்: உங்கள் பெயரை உங்கள் வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படி ஒரு முறை சொல்லுங்கள். எதிர்முனையில் சிலர் சிரிப்பார்கள். சிலர், எப்படிச் சொன்னாலும் பரவாயில்லை, பழகிவிட்டது என்பார்கள். அதற்கு இவர் விடமாட்டார். "எனக்குப் பழகலையே" என்பார்.

கேட்டதைத் தமிழில்தான் எழுதிக்கொள்வார். ஏன் தமிழில் என்று ஒருநாள் கேட்டேன்.

"இங்கிலீஷ் எழுத்தை நம்ப முடியாதுங்க. ஒண்ணு எழுதி வேற ஒண்ணு படிப்பாங்க. நம்ம எழுத்து பாதி தூரம் ஒழுங்கா கூட்டிட்டுப் போகும். மீதிக்கு நான் கோடு போட்டுக்கறேன்."

ஆகவே அட்டைகளை வாசிக்கும் முறை பின்வருமாறு. எழுத்தின் கீழ் ஒரு கோடு இருந்தால் மெலிந்த ஒலி. பம்பரம் என்ற சொல்லின் இரண்டாவது 'ப' போல. கோடு இல்லையேல் வல்லொலி. அதே சொல்லின் முதல் 'ப' போல. மேலே பிறை இருந்தால் அங்கே குரல் உயர வேண்டும். குறுக்கே ஒரு சாய்கோடு இருந்தால் அங்கே மூச்சு. ஓரத்தில் வட்டம் இருந்தால் அவர் விழாவுக்கு வராதவர்.

இதில் ஒன்றை மட்டும் தனியே சொல்ல வேண்டும். சிறு வயதில் எங்கள் வாத்தியார் ங, ஙா, ஙி, ஙீ என்று அந்த வரிசை முழுவதையும் பிரம்பைக் காட்டி ஒப்பிக்க வைத்தார். கடிதத்தின் அடியில் இங்ஙனம் என்று எழுத ஓர் எழுத்து தேவைப்பட்டது. மீதியை அறுபது வயதுவரை நான் எங்கும் எழுதியதில்லை, எங்கும் படித்ததில்லை. வீணாக அடி வாங்கினோம் என்றே எண்ணியிருந்தேன். ஒருநாள் அம்மையாரின் மேசையில் ஓர் அட்டை. அதில் 'ஙுவியன்' என்று எழுதியிருந்தது. வியட்நாம்காரர்களின் குடும்பப் பெயர் அது. விழாவில் பெயர் வாசிக்கும் எங்கள் டீன் அதை நிகுயன் என்பார், நூயன் என்பார், சில ஆண்டு இருமிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்.

"ஙு!" என்றேன்.

"ஆமாங்க. பாருங்க, வேலையில்லாம உக்காந்திருந்த எழுத்துக்கு நியூ ஜெர்சியில வேலை கிடைச்சிருக்கு" என்று சிரித்தார்.

அந்த ஆண்டு டீனுக்கு அந்த ஒரு பெயரைச் சொல்லித்தர மட்டும் நான்கு நாள் செலவிட்டார். விழாவில் டீன் அதைச் சரியாகச் சொன்னபோது, மேடையில் பாதி தூரம் நடந்திருந்த பெண் நின்று, திரும்பி, அவரைப் பார்த்தாள். கூட்டத்தில் ஒரு மூலையிலிருந்து ஒரு குடும்பமே எழுந்தது. அம்மையார் திரைக்குப் பின்னால் நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

மற்றொரு நிகழ்ச்சி. சேலத்துப் பையன் ஒருவன் பட்டம் வாங்கினான். பெயர் செல்வராஜ். நம் வழக்கப்படி தகப்பனார் பெயரை இனிஷியலாக முன்னால் எழுதுபவன். இங்கே வந்ததும் இனிஷியலை விரித்து எழுதச் சொன்னதால் மாணிக்கம் செல்வராஜ் ஆகிவிட்டான். விழாவைப் பார்க்க ஊரிலிருந்து அவன் தகப்பனார் வந்திருந்தார். டீன் ஒலிபெருக்கியில் "மாணிக்கம்" என்றார். உடனே பதினான்காம் வரிசையில் வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் சடாரென்று எழுந்து, மேடையை நோக்கிக் கைகூப்பி நின்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பக்கத்திலிருந்த எவரோ அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"எம்பேரத்தானுங்களே கூப்பிட்டாங்க!" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

விழா முடிந்து நாற்காலி மடக்கும்போது நானும் அதைச் சொல்லிச் சிரித்தேன். அம்மையார் சிரிக்கவில்லை.

"அவர் தப்பா எந்திரிக்கலீங்க ஐயா. கூப்பிட்டா எந்திரிக்கணும். கூப்பிட்டவங்கதான் தப்பு" என்றார். பிறகு தாழ்ந்த குரலில், "நான்தான் தப்பு. எது பேரு, எது அப்பா பேருன்னு நம்ம பையன்கிட்டயே கேக்காம விட்டுட்டேன். தமிழ்ப் பேருதானேன்னு ஃபோன் பண்ணலை" என்றார். மறு ஆண்டிலிருந்து அட்டையில் சொந்தப் பெயரைச் சிவப்புப் பென்சிலில் எழுதலானார். முதல் பெட்டியில் சிவப்பு இல்லாமலும் பின்னிரண்டில் சிவப்போடும் இருப்பதன் காரணம் இதுவே.

இரண்டாம் பெட்டியின் அடியில் மஞ்சள் அட்டைகள் கொஞ்சம் இருக்கும். அவை இந்தக் கல்லூரிப் பட்டமளிப்பு விழாக்களின் வரலாறு. யாரும் எழுதச் சொல்லி எழுதியவை அல்ல. முன்னாள் நூலகர், ஓய்வுபெற்ற தாதி, முதல் விழாவில் காவலுக்கு நின்றவர் என்று ஒவ்வொருவராகத் தேடித் தொலைபேசியில் பேசி, கேட்டதை அம்மையார் குறித்து வைத்தார்.

அதன்படி, முதல் விழா நடந்தபோது கல்லூரிக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. ஊர்த் தீயணைப்பு நிலையத்தின் கூடத்தை ஒரு மாலைக்குக் கேட்டு வாங்கினார்கள். சதுரத் தொப்பி எட்டுதான் கிடைத்தது. ஒருவர் மேடையைக் கடந்ததும் தொப்பியைக் கழற்றிக் கொடுக்க, அது வரிசையின் கடைசிக்குப் போய் வேறொரு தலையில் ஏறியது. பாதிப் பெயர் வாசித்தபோது தீ அபாயச் சங்கு ஊதியது. பட்டம் வாங்க நின்றவர்களில் இருவர் அதே நிலையத்தின் தொண்டர்கள். அங்கியோடு வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள். பெயர் வாசிப்பவர் பட்டியலை மூடி வைத்தார். அந்த இருவரும் புகை வாசனையோடு திரும்பி வந்து, அவர்கள் பெயர் வாசிக்கப்படும்வரை ஒருவரும் எழுந்து போகவில்லையாம்.

அடுத்த சில ஆண்டுகள் ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டு அரங்கில். அங்கே மரத்தரை கீறிவிடும் என்று எல்லோரையும் காலணியைக் கழற்றச் சொன்னதால், தலையில் தொப்பியும் காலில் வெறும் காலுறையுமாகப் பட்டம் வாங்கினார்கள். கூடாரத்துக்கு மாறிய முதல் ஆண்டு மழையில் மின்சாரம் போய்விட்டது. வாசிப்பவர் மேடையை விட்டு இறங்கி, வரிசை வரிசையாக நடந்து கத்திப் பெயர் வாசித்தார். இவற்றை அம்மையார் சொல்லும்போது, ஏதோ பேரரசுகளின் கதையைக் கேட்பதுபோல நான் வாய் திறந்து கேட்டுக்கொண்டிருப்பேன். வெறும் நாற்காலி என்று நான் எண்ணியிருந்தவற்றின் மேல் இத்தனை பேர் வந்து அமர்ந்து போயிருக்கிறார்கள்.

இவருக்கு ஏன் இத்தனை அக்கறை என்று ஒருநாள் கேட்டே விட்டேன். தயிர்ச்சாதத்தைப் பிசைந்தபடி சொன்னார்.

"நான் பி.ஏ. கரஸ்ல படிச்சேங்க. கான்வொகேஷனுக்குப் போகணும்னு ஆசை. வீட்ல, அதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம்னுட்டாங்க. போஸ்ட்ல வந்துச்சு. போஸ்ட்மேன் சைக்கிளை விட்டு இறங்கக்கூட இல்ல. 'ரிஜிஸ்டர் தபால், கையெழுத்துப் போடும்மா'ன்னார். போட்டேன். அவ்வளவுதான், பட்டதாரி ஆயிட்டேன்." ஒரு கவளம் உண்டபின் சொன்னார்: "பேருங்கறது எழுதி வைக்கறதுக்கு இல்லீங்க ஐயா. கூப்பிடறதுக்கு."

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு வாக்கில் அந்தக் கூப்பிடுதலுக்கே ஆபத்து வந்தது. கல்லூரிக்குப் புதிய தலைவர் வந்திருந்தார். நல்ல மனிதர். முந்தைய ஜூனில் வெயில் தாங்காமல் கூட்டத்தில் ஒரு மூதாட்டி மயங்கி விழுந்ததை மனத்தில் வைத்து, இனிப் பெயர் வாசிப்பது வேண்டாம், துறை துறையாக எழுந்து நின்று கைதட்டல் பெற்று அமரட்டும், பெயர்கள் புத்தகத்தில் அச்சாகிவிடும் என்றார். குழு கூடியது. அந்த அறையில் ஒரு நாற்காலி ஆடுகிறதென்று என்னை அழைத்திருந்தார்கள். அதன் காலைத் திருகிக்கொண்டே நான் எல்லாவற்றையும் கேட்டேன். வேண்டுமென்றே மெதுவாகத் திருகினேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அம்மையார் மஞ்சள் அட்டைகளை மேசைமேல் வரிசையாக வைத்தார். ஆங்கிலத்தில்தான் பேசினார். எனக்கு அரைகுறையாகப் புரிந்ததை அவரே பின்னர் தமிழில் சொன்னார்:

"தொப்பி இல்லாம பட்டம் குடுத்திருக்கோம். செருப்பு இல்லாம குடுத்திருக்கோம். கரன்ட் இல்லாம குடுத்திருக்கோம். பேர் கூப்பிடாம ஒரு வருஷம்கூட குடுத்ததில்ல. அதை உங்க காலத்துல ஆரம்பிக்கணுமான்னு கேட்டேன்."

தலைவர் அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்தார். தீயணைப்பு நிலையத்து அட்டையை இரு முறை படித்தார். பிறகு கேட்டார்: எழுநூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். ஐம்பது நிமிடத்தில் வாசிக்க முடியுமா? டீன் முடியாதென்று தலையை ஆட்டினார். தமக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிறது என்றார்.

"நான் படிக்கிறேன்" என்றார் அம்மையார்.

"ஐம்பதைத் தாண்டினால் அடுத்த ஆண்டு கிடையாது" என்றார் தலைவர்.

"சரி" என்றார் இவர்.

நாற்காலி ஆடுவது நின்றுவிட்டது. நான் திருப்புளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்றிலிருந்து ஆறு வாரம், மதியந்தோறும் ஒரு காலி வகுப்பறையில் ஒத்திகை. நான் கடைசி வரிசையில் கைக்கடிகாரத்தோடு அமர்வேன். முதல் வாரம் எழுபது நிமிடம் ஆயிற்று. "அவசரப்படுத்துங்க அம்மணி" என்றேன். "பேரை அவசரப்படுத்த மாட்டேன். பேருக்கும் பேருக்கும் நடுவுல இருக்கற என் மூச்சைத்தான் குறைப்பேன்" என்றார். அப்படியே குறைத்தார். ஐம்பத்தெட்டு, ஐம்பத்து மூன்று, நாற்பத்தெட்டு. மிளகும் பனங்கற்கண்டும் தட்டிப் போட்ட வெந்நீர் ஒரு ஃபிளாஸ்க் நிறைய என் மனைவி கொடுத்தனுப்புவாள்.

விழா நாள் வந்தது. நல்ல வெயில். அவர் மேடையேறி முதல் பெயரைச் சொன்னதும் கூடாரம் அமைதியானது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மூலையிலிருந்து ஆரவாரம். பத்து நாட்டு ஒலிகள், ஒரே குரல், ஓரிடத்திலும் தடுக்கவில்லை. நான் கூடாரத்தின் கம்பத்தைப் பிடித்தபடி நின்றேன். முப்பத்தைந்தாவது நிமிடம்வரை எல்லாம் கணக்காகப் போயிற்று. அப்போது, நடைச் சட்டத்தை ஊன்றியபடி ஒரு முதிய மாணவி மேடையேறினார். எழுபது வயதிருக்கும். ஓர் அடி, ஒரு நிறுத்தம். ஓர் அடி, ஒரு நிறுத்தம். அம்மையார் அடுத்த பெயரைச் சொல்லவில்லை. காலி மேடையில் வராதவர்களை எப்படிப் பார்ப்பாரோ அப்படியே அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மூதாட்டி மறு கோடியை அடைய மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

என் கணக்குப்படி ஐம்பதைத் தாண்டப்போகிறது. என் மேஸ்திரி ஹெய்ட்டி நாட்டுக்காரர். அவர் மகளின் பெயரை இரண்டாண்டுக்கு முன் டீன் சரியாகச் சொன்னது அம்மையாரின் அட்டையால்தான். அவரிடம் கடிகாரத்தைக் காட்டினேன். அவர் மேடைப் படியருகே போய் நின்று, வரிசையில் வந்த ஒவ்வொருவர் காதிலும் எதையோ சொன்னார். அவ்வளவுதான். அங்கியை இரு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு பட்டதாரிகள் மேடையில் ஓடத் தொடங்கினார்கள்! தாதிகள் ஓடினார்கள், மெக்கானிக்குகள் ஓடினார்கள், ஒரு கர்ப்பிணி மட்டும் வேகமாக நடந்தாள். ஒரு தொப்பி பறந்து போய்த் தலைவர் மடியில் விழுந்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டிற்று. இத்தனைக்கும் நடுவில் அந்தக் குரல் ஒரு பெயரைக்கூடக் கடித்து விழுங்கவில்லை.

கடைசிப் பெயர் முடிந்தபோது நாற்பத்தொன்பது நிமிடம், சில விநாடிகள். தலைவரைப் பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. மடியிலிருந்த தொப்பியைத் தடவிக்கொண்டிருந்தார். அதன்பின் பெயர் வாசிப்பதை நிறுத்தும் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு, அம்மையாரின் கணவருக்கு டெக்சாசில் வேலை மாறியது. அதுவே அவருடைய கடைசி விழா. அதற்கு நான்கு நாள் முன்னர், அலுவலகத்தில் வழியனுப்புவதற்காகக் கேக் வாங்கியிருந்தார்கள். நாற்காலி போட்டுவிட்டு நானும் நின்றேன். கேக்கின் மேல் நீல நிறத்தில் ஒரு பெயர். ஆங்கில எழுத்தை நான் மெதுவாகத்தான் கூட்டிப் படிப்பேன். கூட்டினேன். சுந்தரம்.

"குட்பை, சுந்தரம்!" என்று எல்லோரும் பாடினார்கள். அம்மையார் சிரித்தபடி வெட்டினார்.

"ஏனுங் அம்மணி, இது ஆம்பளைப் பேராச்சுங்களே?" என்று மெல்லக் கேட்டேன்.

"எங்க அப்பா பேருங்க. பாஸ்போர்ட்ல முன்னாடி இருக்கறதுதான் பேருன்னு முதல் நாளே எடுத்துக்கிட்டாங்க. பதிமூணு வருஷமா இங்க நான் எங்க அப்பாதான்."

"நீங்க சொல்லித் திருத்தலீங்களா?"

"ஊர்ப்பட்ட பேரைத் திருத்தறதுல, என்னோடது வரிசையில வரவே இல்லீங்க" என்று கேக் துண்டை என் கையில் வைத்தார்.

அதை என்னால் உண்ண முடியவில்லை. அவர்களைச் சொல்லி என்ன பயன்? ஏழு ஆண்டுகள் எதிரில் உட்கார்ந்து பெயர் கேட்ட நானும் அவர் பெயரைக் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் அன்னியப் பெண்மணியைப் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் இல்லை; அம்மணி என்றால் போதும். மரியாதை என்று எண்ணியே அந்தப் பிழையைச் செய்திருக்கிறேன்.

மறுநாள் மதியம், பராமரிப்புப் பிரிவின் தொலைபேசியிலிருந்து பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்தேன். அவரே எடுத்தார். அவர் வாக்கியத்தையே சொன்னேன்:

"உங்க பேரை, உங்க வீட்டுல எப்படிக் கூப்பிடுவாங்களோ, அப்படி ஒருக்காச் சொல்லுங்க."

அவர் சொன்னார். அட்டையில் எழுதிக்கொண்டேன்.

ஒத்திகை நாள். அவர் வராதவர்களின் பெயர்களை வாசித்து முடித்தார். நான் கடைசி வரிசையில் கை தூக்கி முடித்தேன். "இறங்கி வந்து இங்க உக்காருங்க அம்மணி" என்றேன். என்ன நினைத்தாரோ, கேள்வி கேளாமல் வந்து அமர்ந்தார். மேஸ்திரியும் கூடாரக்காரர் இருவரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் மேடையேறினேன். வாழ்நாளில் முதல் முறை. ஒலிபெருக்கியைத் தொடவில்லை. அட்டையைப் பார்த்து அவர் பெயரைக் கூப்பிட்டேன்.

அவர் எழுந்தார். நடுப்பாதையில் நடந்து, படியேறி, மேடையைக் கடந்து என்னிடம் வந்தார். அட்டையை நீட்டினேன். வாங்கிப் படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, காதோரம் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

"இங்க ஒரு கோடு விட்டுட்டீங்க ஐயா" என்று ஓர் எழுத்தின் கீழ் கோடு போட்டு, அட்டையை என்னிடமே கொடுத்தார். "மறுபடி கூப்பிடுங்க."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கடைசி வரிசை வரைக்கும் நடந்து போய், புடவையைச் சரிசெய்துகொண்டு, அதே நாற்காலியில் அமர்ந்தார். நான் மறுபடியும் கூப்பிட்டேன்.

"கேக்குதுங்களா?" என்றேன்.

அவர் கை தூக்கினார். பிறகு எழுந்தார்.

ஐயா, அம்மணி, அவர் பெயரை இந்தத் தாள்களில் நான் எழுதவில்லை என்பதைத் தாங்கள் கவனித்திருக்கலாம். மூன்றாம் பெட்டியின் கடைசி அட்டையில் அது இருக்கிறது. கையெழுத்து என்னுடையது, அந்த ஒரு கோடு அவருடையது. கோடு எங்கே இருக்கிறதென்று பார்த்துக்கொண்டு, அருகில் எவரும் இல்லாவிட்டாலும், ஒரு முறை வாய்விட்டு வாசியுங்கள். வாசித்தபின் இந்தக் குறிப்பை மடித்து, எடுத்த இடத்திலேயே பத்திரமாக வைத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
நாற்காலி போட்டவன்